தூக்கம் கெடுக்கும் கடல் வீடு

வாடகை கிடையாது, பக்கத்து வீட்டு டிவி சத்தம் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் கடல். படகிலேயே குடித்தனம் நடத்துகிறவர்களைப் பற்றி எழுதச் சொன்னபோது ஆசிரியர் குழுவுக்கு இப்படியொரு கட்டுரைதான் மனசில் இருந்தது. இங்கிலாந்தின் மேற்கே, பிரிஸ்டல் கால்வாயில் பாய்மரப் படகோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களின் தினப்படி கணக்கைப் பார்க்கப் பார்க்க, இவர்கள் எப்போதுதான் தூங்குகிறார்கள் என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது.

சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர். பிரிஸ்டல் கால்வாயின் உள்கோடியில் இருக்கும் ஏவன்மவுத்தில், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது 12 மீட்டரைத் தாண்டும். நாலு மாடி உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வடிந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். அட்லாண்டிக்கின் ஏற்றம் புனல் மாதிரி குறுகும் கால்வாய்க்குள் நெருக்கப்படுவதுதான் முக்கியக் காரணம்.

இன்னும் வெளியே, இல்ஃப்ராகோமில், எட்டு மீட்டருக்கு மேல். அங்கே உள்துறைமுகம் வற்றத்தில் வெறும் சேறும் மணலும்தான். அடியில் இரண்டு ஏராக்கட்டை உள்ள படகு தரையில் நேராக உட்கார்ந்துகொள்ளும். ஒற்றை ஏராப் படகென்றால் சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டும். வெளிப்பக்கம் சரிந்துவிடாமலிருக்க, சுவர்ப்பக்கத்துத் தளத்தில் நங்கூரச் சங்கிலி, தண்ணீர் கேன் என்று கனமான சாமானையெல்லாம் அடுக்கி வைப்பார்கள். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கினால் தண்ணீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கும். தரை தட்டும் நேரம் இன்னும் மோசம். அலை கொஞ்சமாகத் தூக்கும், 'தொம்'மென்று போடும். மறுபடி தூக்கும், மறுபடி போடும். அலமாரியில் பாத்திரமெல்லாம் கலகலக்கும். கடைசியாக ஒரு அதிர்வோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் பெரிய வற்றம் எப்போதும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டித்தான் வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய ராத்திரிகளில்தான் இந்தக் கூத்து!

பகலில் பயணம் போய் ராத்திரி படுக்கலாமே என்றால், கடல் விடாது. படகு ஓடுவது மணிக்கு ஐந்து கடல் மைல். எதிர்நீரோட்டம் மூன்று, சில இடங்களில் அதற்கும் மேலே. ஓட்டத்தோடு போனால்தான் ஊர் போய்ச் சேர முடியும். ஏற்றவற்றம் தினம் சுமார் 50 நிமிடம் பிந்துவதால், இன்று காலை பத்து மணிக்குக் கிளம்பத் தோதான ஓட்டம் ஒரு வாரத்தில் மாலை நாலு மணி வாக்கில் போய்விடும்; அதற்கு முந்தைய ஓட்டம் விடிகாலை மூன்றரைக்கு. ஹார்ட்லாண்ட் முனையில் காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதிக்கொள்ளும் நேரத்தில் மாட்டினால் அலை செங்குத்தாக எழும். இதற்கெல்லாம் துணையான கடல் வானிலை அறிக்கையை வானொலியில் வாசிக்கும் வேளைகளில் ஒன்று நள்ளிரவு 12.48!

சமையல், கழிப்பறை, குளிர் பற்றியும் எழுதச் சொன்னார்கள். எல்லாம் சின்னதாக இருக்கும், எல்லாம் ஈரமாக இருக்கும். அவ்வளவுதான்.

இதே கடலில் இருக்கும் லண்டி தீவுக்கு வருவோம். ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. மேற்குக் காற்றடித்தால் தீவின் கிழக்கே நங்கூரம் போட்டு நிம்மதியாக இருக்கலாம். ராத்திரி மூன்று மணிக்குக் காற்று கிழக்கே திரும்பினால்? கிளம்பியாக வேண்டும். எங்கே போவது? இல்ஃப்ராகோம் வற்றிக் கிடக்கும். பேட்ஸ்டோவின் உள்துறைக் கதவு திறப்பது உயர்வெள்ளத்துக்கு இரண்டு மணி முன்பும் பின்பும். அதுவும் 600-க்கும் மேற்பட்ட கலங்கள் சிக்கிய டூம் பார் மணல்திட்டைத் தாண்டி. பியூடின் கடல் மதகில் உயர்வெள்ளத்தின்போது மட்டும்தான், அதுவும் கடல் அடங்கியிருந்தால்தான் நுழையலாம். எந்நேரமும் உள்ளே விடுவது வடக்கே சுமார் 35 கடல் மைல் தள்ளி இருக்கும் மில்ஃபோர்ட் ஹேவன். ஏழு மணி நேர ஓட்டம், அதுவும் பாதித் தூக்கத்தில் எழுந்தவர் கையில் சுக்கானோடு. கடற்கரை ஆபத்து என்று எழுதுகிறவர்கள் பாறையையும் புயலையும்தான் சொல்கிறார்கள். மூன்று நாள் அரைத்தூக்கத்துக்குப் பிறகு ஏற்றவற்ற அட்டவணையில் வரி மாற்றிப் படிக்கிற கண்ணைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுகளை ஏற்றிச் சென்ற அந்தக் காலத்துப் பைலட் கட்டர் படகுகள் இதே கடலில் மழையிலும் குளிரிலும் நின்று கப்பலுக்காகக் காத்திருந்தவை. பைலட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டபின் படகைத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஆளும் ஒரு பையனுமே போதும். ஆனாலும் இரண்டு பேர்; ஒருவர் கண்ணயர்ந்தால் இன்னொருவர் விழித்திருக்கலாம். இன்று தனியாகவே குடியிருந்து, தனியாகவே ஓட்டுகிறவர்களும் உண்டு.

அலைத் தாலாட்டில் வருகிற தூக்கம் எந்த மெத்தையிலும் வராது என்று படகுவாசிகள் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அவர்களில் பலர் குளிர்காலத்தில் கார்டிஃப் பக்கம் ஒதுங்குகிறார்கள். அங்கே 1999-ல் கட்டி முடித்த தடுப்பணைக்குள் தண்ணீர் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு எட்டு மணி நேரம் தூங்கலாம். ஏப்ரல் பிறந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். போரடிக்கிறதாம்.