தங்கம் தோண்டிய கைகள்

கோலார் தங்கவயலுக்குச் செல்வோர் கண்ணில் மரமின்றி வெளிறிக் கிடக்கும் சயனைடு மண்மேடுகள் தவறாமல் படும். 1880 முதல் 2001 பிப்ரவரி 28 வரை நிலத்தடியிலிருந்து மேலே வந்த பாறையை மாவாக அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சியவை அவை. ஏறத்தாழ 800 டன் தங்கம் இங்கிருந்து சென்றதாகக் கணக்குண்டு. அத்தனை பாறையும் முதலில் துளையிடப்பட்டது மனிதக் கைகளால். அக்கைகளுள் பெரும்பாலானவை வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழருடையவை. தங்கத்தின் கணக்கை எழுதியோர் பலர். நாம் இங்கே அக்கைகளின் கணக்கைப் பார்ப்போம்.

வளர்ந்த மனிதர் உடலில் உள்ள எலும்புகள் 206. கைக்கு 27, பாதத்திற்கு 26 என்று கூட்டினால் வரும் 106 எலும்புகள், அதாவது பாதிக்கு மேல், இரு கைகளிலும் இரு பாதங்களிலும் அடங்கிவிடுகின்றன. மணிக்கட்டில் கூழாங்கற்கள் போல எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு. மற்ற விரல்களுக்கு மும்மூன்று, கட்டைவிரலுக்கு இரண்டே. விரல்களை வலுவாக மடக்கும் தசைகளோ விரல்களில் இல்லை. அவை முழங்கைக்குக் கீழே இருந்துகொண்டு நாண்களால் எலும்புகளை இழுக்கின்றன. ஆகவே ஒருவர் கருவியொன்றை இறுகப் பற்றும்போது அதன் அதிர்வு விரலோடு நிற்பதில்லை, மணிக்கட்டையும் முழங்கையையும் சென்றடைகிறது.

தொடக்கத்தில் சுத்தியும் உளியுமாக இருந்த துளையிடும் வேலை, பின்னர் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவிக்கு மாறியது. நிமிடத்திற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பாறையை மோதும் கருவி அது. பல ஆண்டுகள் அதைப் பிடித்தவருக்கு விரல் மரத்துப்போகும், மணிக்கட்டு மூட்டு தேயும். மணிக்கட்டின் நடுவிலுள்ள பிறை வடிவ எலும்பு, இரத்த ஓட்டம் குன்றி நொறுங்குவதும் உண்டு. வியன்னாவின் எக்ஸ்ரே மருத்துவர் ராபர்ட் கீன்பாக் 1910இல் விவரித்த நோய் இது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் செதுக்குவோரின் விரல்கள் குளிரில் வெளுத்துப் பிணம்போல் ஆவதை ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் ஆராய்ந்தார். அந்த வெளுப்பு தெரிவதற்குக் குளிர் வேண்டும். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைக் கடந்தது. அத்தகைய இடத்தில் விரல் வெளுக்கவில்லை என்பதனாலேயே கை நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்திற்கான தேசிய நிறுவனம் 1990இல் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்துச் சுரங்கமே மூடப்பட்டது.

கைவிரல் எலும்புகளுக்குச் சட்டம் ஒரு விலைப்பட்டியலே வைத்திருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையை வாசகர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டைவிரல் போனால் ஈட்டும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. அதனுடன் உள்ளங்கைக்குள் மறைந்திருக்கும் அதன் அடி எலும்பும் போனால் 40. சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7 வீதம். இந்நான்கையும் கூட்டினால் 40தான். ஆனால் ஒரே கையில் நான்கும் போனால் சட்டம் 50 என்கிறது. துணை நின்ற விரல்கள் எல்லாம் போனபின் எஞ்சிய கட்டைவிரல் எதைப் பற்றும் என்று யோசித்தவர் எழுதிய பட்டியல் போலும்! சுட்டுவிரல் நுனி எலும்பு சேதமின்றித் துண்டானால் 5, ஓர் எலும்போடு போனால் 9. ஆகவே விபத்து நேர்ந்த அன்றே எடுக்கும் எக்ஸ்ரேயும் மருத்துவச் சான்றும் பணத்துக்கு நிகரான ஆவணங்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இம்முறையைத் தொடர்கிறது. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளோர் அங்கேயே கோர வேண்டும்.

சுரங்கம் மூடியபின் தங்கவயலின் கைகள் ஓய்ந்துவிடவில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள் ஆயிரக்கணக்கானோரைப் பெங்களூருவின் வேலைகளுக்குச் சுமந்து செல்கின்றன. ஓடி ஏறும்போது வழுக்கிக் கையூன்றி விழுவோருக்கு ஒரு சொல்: கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பள்ளத்தில் வலி நீடித்தால் அதைச் சுளுக்கென்று எண்ணித் தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். அங்குள்ள படகு வடிவ எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதன் ஒரு பாதிக்கு இரத்தம் எதிர்த்திசையில் செல்வதால், கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும்.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்குதாரர்களுக்கு உரியது. ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் உயிரிழந்தாலோ இரு கைகளோ இரு கால்களோ செயலிழந்தாலோ 2 லட்சம். ஒரு கை அல்லது ஒரு கால் எனில் 1 லட்சம். விரல் மட்டும் போனால் இதில் இடமில்லை. அதற்கு மேற்சொன்ன சட்டமே வழி. காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாத இறுதியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாமல் போனால் காப்பும் இல்லாமல் போகும். இப்படி ஒரு சிறு தொகையால் நழுவும் காப்பைத்தான் நாம் மிகவும் வருத்தத்திற்குரியதாகக் கருதுகிறோம்.

கையெழுத்திட இயலாத முதியவரும் நோயாளியும் பணம் எடுக்கக் கைரேகை போதும். இரு கைகளையும் இழந்தவரோ கால்விரல் பதிவையே அடையாளமாக வைக்கலாம். வங்கி அறிந்த இரு சாட்சிகள் உடனிருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். இத்தகையவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பின், கிளைக்கு அழைத்து வருமுன் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மைப்பெட்டியும் தாழ்ந்த இருக்கையும் ஆயத்தமாக இருக்கும்.