கிணற்றில் டீசல் வாடை வந்தால்...

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் இன்னும் கீரையும் நெல்லும் போடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் கிணற்றில் இருந்து பெட்ரோல் பங்க் எவ்வளவு தூரம்? லாரி ஷெட், டீசல் தொட்டி வைத்துள்ள கம்பெனி?

பங்க்கில் தொட்டி மண்ணுக்குள் இருப்பதால் கசிந்தாலும் கண்ணில் படாது. வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்கு நான்கு லிட்டர், ஆண்டுக்கு சுமார் 1,500 லிட்டர் மண்ணில் இறங்கிவிடும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். மழைக்கு நீர்மட்டம் ஏறும்போது அதுவும் ஏறி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலில் உள்ள பென்சீன் தண்ணீரில் கரைந்து நகரும். இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

சென்னைக்கு இது புதிதல்ல. 2013-ல் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்களில் எண்ணெய் கலந்து வந்தது. பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய்க் கசிவு அது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, புதிய பங்க் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பில் இருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடநெருக்கடி என்றாலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. அந்தப் பட்டியலில் பாசனக் கிணறு இல்லை. சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தண்ணீரில் வானவில் போல் படலம் மிதந்தால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்தால் பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியா, பயமில்லை. கலைந்தது மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். வாடையும் இருந்தால் கிணற்றில் இறங்காதீர்கள், அருகே தீக்குச்சி, பீடி வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; கிணற்றுக்குள் தங்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, மாட்டுக்குக் காட்டவோ, கீரைக்குப் பாய்ச்சவோ கூடாது.

வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனையில் உப்பும் கார அமில நிலையும்தான் தெரியும். பென்சீன், டொலுவீன் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். கண்ணாடி பாட்டிலில் காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதையே கொடுக்கலாம்.

நெடுஞ்சாலை ஓர நிலத்தைப் பங்க்குக்குக் குத்தகை விடுபவர்கள், காலம் முடிந்ததும் தொட்டியை எடுத்து, மண்ணைப் பரிசோதித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பழைய தொட்டியோடு நிலம் திரும்பினால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

நம் பக்கமும் தவறு உண்டு. தனித்தனிக் கலன் 1,000 லிட்டருக்கு மிகாமல், மொத்தம் 2,500 லிட்டர் வரை டீசல் வைக்க உரிமம் தேவையில்லை. ஆனால் பீப்பாயைக் கிணற்று மேட்டிலேயே வைத்து, புனலில் ஊற்றும்போது சிந்துகிறோமே! பீப்பாயைக் கிணற்றில் இருந்து தள்ளி, விளிம்பு கட்டிய சிமெண்ட் தளத்தில் வையுங்கள். வயலில் கொஞ்சம் டீசல் சிந்தி பயிர் மஞ்சளானால், எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்கின்றன என்று அர்த்தம். அந்த இடத்தைக் கிளறி, தொழுவுரமும் சிறிது யூரியாவும் இட்டு, ஈரம் காத்தால் மண் மெல்லத் தேறும். வாடை போகும்வரை அங்கே விதைக்க வேண்டாம்.