புயல் கூண்டுக்குள் என்னதான் இருக்கு?

"பாம்பனில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்!" ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் செய்தி டிவியில் ஓடாத வருஷம் உண்டா? ஆனால் அந்தக் கூண்டை நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? வாங்க, எட்டிப் பார்த்துவிடலாம்!

உள்ளே கிளியுமில்லை, புலியுமில்லை. கம்பத்தில் கயிறு கட்டி ஏற்றிய உருளைகளும் கூம்புகளும்தான் பகல் நேரத்துக் கூண்டு. ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். சென்னை புயல் எச்சரிக்கை மையம் தகவல் தந்ததும் துறைமுக ஊழியர்கள் கயிற்றை இழுப்பார்கள். எந்த உருவம், எந்த வரிசை என்பதை வைத்துத்தான் எண்ணே!

இப்போது ஒரு ரகசியம். 8ஐ விட 10 பெரிய புயல் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம்தான். மாறுவது திசை மட்டும். துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் புயல் கடந்தால் 8, வலப்பக்கம் விட்டால் 9, தலைக்கு மேலேயோ பக்கத்திலேயோ கடந்தால் 10. எனக்குப் பிடித்தது 11. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்!

1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடிய மறுவருஷம் அங்கே தொடங்கியது இந்தத் துறைமுக எச்சரிக்கை. கப்பல்காரர்களுக்கென்று பிறந்த பாஷை. நாட்டுப்படகுக்காரருக்கு வேண்டியது வேறு: வாடையா, கொண்டலா? அலை எத்தனை அடி? படகை எப்போது கரையேற்ற?

அதற்குத்தான் பாம்பனில் 2016இல் வந்தது 'கடல் ஓசை' 90.4 எஃப்.எம். மைக்குக்குப் பின்னால் இருப்பவர்களும் மீனவ சமூகத்துப் பிள்ளைகளே. காற்று, அலை நிலவரத்தைப் படகுக்காரர் பேச்சிலேயே சொல்கிறார்கள். இடையிடையே பாட்டு, பருவநிலை மாற்றமும் மீன்வளமும்கூடப் பேச்சில் வரும். எண் சொல்லாத சேதியை இந்தக் குரல் சொல்லிவிடுகிறது என்பேன்.

ஆனால் சமூக வானொலி ஆழ்கடல்வரை எட்டாது. 2017 ஒக்கி புயலில் தொலைதூரம் போயிருந்த படகுகளுக்குச் செல்போன் எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை. பிறகு 2019இல் வந்த 'ஜெமினி' கருவி, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கிப் படகிலிருக்கும் செல்போனுக்குத் தள்ளிவிடும். சேதி வரும், பதில் அனுப்ப முடியாது. அதுதான் குறை.

அடுத்த முறை கூண்டுச் செய்தி ஓடும்போது எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். எந்தத் துறைமுகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 8, 9, 10 என்றால் புயல் எந்தப் பக்கம் போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்களே சொல்லலாம்!