எண்ணெய் போன வழி

சங்கத்தின் செலவுப் புத்தகத்தில் ஒரு சிறு தொகை மாதந்தோறும் வளர்ந்துகொண்டே வருமாயின், ஆய்வுக்குச் செல்வோரின் கண் அதன்மேல் விழுதல் இயல்பே. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நாம் கணக்குகளைப் பார்வையிட்டபோது, சங்கத்துப் பெட்ரோல் காருக்கு வாங்கிய எஞ்சின் எண்ணெயின் செலவு அவ்வாறு கண்ணிற்பட்டது. முன்பெல்லாம் ஒரு முறை எண்ணெய் மாற்றினால் மறுமுறை மாற்றும்வரை அவ்வண்டிக்கு வேறு எண்ணெய் வாங்கியதில்லை. இப்போதோ மாதம் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. வண்டியின் அடியில் ஒழுக்கு எதுவும் இல்லை. ஆகவே ஓட்டுநர் எண்ணெயை வெளியே விற்றுவிடுகிறார் என்று நிர்வாகக் குழுவில் சிலர் ஐயுற்றனர்.

அவர் பதினெட்டு ஆண்டுகள் அச்சங்கத்தில் ஊழியம் செய்தவர். நம்மிடம் வாதாடவில்லை. "புத்தகத்தைப் பார்த்துவிட்டீர்கள், ஐயா. வண்டியையும் ஒரு முறை திறந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். கோரிக்கை நியாயமானது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, காரியதரிசியின் முன்னிலையிலேயே ஏர் பில்டர் பெட்டியைத் திறக்கச் செய்தோம். உள்ளிருந்த காகித வடிகட்டி எண்ணெயில் தோய்ந்திருந்தது. அதிலிருந்து எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாயின் உட்புறமும் அவ்வாறே இருந்தது. எண்ணெய் யாரிடமும் போகவில்லை. எஞ்சினே அதனை உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது.

கீழே இருக்கவேண்டிய எண்ணெய் மேலே காற்றுக் குழாய்க்கு எவ்வாறு வந்தது? இதனை வண்டி வைத்திருக்கும் சங்கத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதற்கு மேலே பெட்ரோலும் காற்றும் எரியும் அறை. கீழே கிராங்க் தண்டு சுழலும் பெட்டி. இதற்குக் கிராங்க் கேஸ் என்று பெயர். எண்ணெய் நிற்பது இங்கேதான். மேலறையையும் கீழ்ப்பெட்டியையும் பிரித்து வைப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள். எத்துணைப் புதிய எஞ்சினாயினும் அந்த ரிங்குகள் வாயுவை முற்றிலும் தடுப்பதில்லை. எரியும்போது உண்டாகும் அழுத்தத்தால் சிறிதளவு வாயு இடுக்கின் வழியே கீழிறங்குகிறது. அதில் எரியாத பெட்ரோல் ஆவியும், புகையும், நீராவியும் கலந்திருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த நீராவி அற்பமானதன்று என்பது விளங்கும்.

கொதிக்கும் உலையை இறுக மூடினால் நேர்வது இங்கும் நேரும். வாயுவுக்குப் போக்கிடம் இல்லையெனில் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களின் வழியே எண்ணெயை வெளியே தள்ளிவிடும். பழைய கார்களில் ஒரு குழாய் வைத்து இவ்வாயுவைத் தெருவிலேயே விட்டுவிட்டனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த நச்சு மூட்டத்திற்கு வாகனங்களின் ஆவியும் காரணம் என்று 1950-களில் தெளிவானபின், இவ்வாயுவைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே செலுத்தி எரிக்கவேண்டும் என்று 1961-இல் கலிபோர்னியா மாநிலம் விதித்தது. 1963 முதல் அங்கு விற்கப்பட்ட உள்நாட்டுக் கார்களில் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. பின்னர் அம்முறை எங்கும் பரவியது.

இம்முறையில் முதன்மையானது பி.சி.வி. வால்வு என்னும் விரலளவுச் சாதனம். கிராங்க் கேஸுக்கும், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் இன்டேக் குழாய்க்கும் இடையே இது அமைந்திருக்கும். இன்டேக்கில் உள்ள உறிஞ்சு விசை கீழ்ப்பெட்டியின் வாயுவை இதன் வழியே இழுத்துக்கொள்கிறது. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது உறிஞ்சு விசை மிகுதி. அப்போது வால்வினுள் இருக்கும் ஸ்பிரிங் பூட்டிய தக்கை வழியைக் குறுக்கிவிடும். பாதையில் ஓடும்போது வழி அகலும். வெளியேறும் வாயுவுக்கு ஈடாக, ஏர் பில்டர் பக்கத்திலிருந்து மற்றொரு குழாய் நல்ல காற்றைக் கிராங்க் கேஸுக்குக் கொண்டுவரும்.

வாயு போகும்போது எண்ணெய்த் திவலைகளையும் சுமந்து செல்லும். அவற்றைத் தடுத்துக் கீழே இறக்கவே வால்வு மூடியின் உள்ளே தகடுகள் அமைத்துள்ளனர். எனினும் நான்கு காரணங்களால் எண்ணெய் மிகுந்து ஏறலாம். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினால் கிராங்க் தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கிவிடும். பி.சி.வி. வால்வு திறந்தே சிக்கிக்கொண்டால் ஓயாமல் உறிஞ்சப்படும். அது அடைபட்டால் வாயு நல்ல காற்று வரும் குழாயின் வழியே எதிர்த்திசையில் ஏறி ஏர் பில்டரை நனைக்கும். ரிங்குகள் தேய்ந்திருந்தால் கீழிறங்கும் வாயுவே அளவு கடந்துவிடும்.

நான்காவது காரணத்திற்குத்தான் எஞ்சினைப் பிரித்து ஓவர்ஹால் செய்யவேண்டும். நாம் சொல்லும் காருக்கும் ஒரு பட்டறையார் அதையே கூறியிருந்தனர். ஆனால் நம் மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தபோது நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் சீராகவே இருந்தது. பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கினார். நல்ல வால்வாயின் உள்ளிருக்கும் தக்கை 'கடகட' என்று ஒலிக்கும், இது ஒலிக்கவில்லை. கறுத்த கசடு அதனை முற்றிலும் அடைத்திருந்தது. சங்கத்திற்கும் நூல் கிடங்கிற்கும் இடையே இரண்டு மைல் தூரம் மட்டுமே ஓடிய வண்டி அது. எஞ்சின் நன்கு சூடேறுமுன்னரே நின்றுவிடுவதால், உள்ளே குளிர்ந்த நீர் எண்ணெயோடு கலந்து கசடாகியிருந்தது. ஓர் எண்ணெய் மாற்றத்திற்கு ஆகும் செலவைவிடக் குறைந்த விலையில் புது வால்வு பொருத்தி, குழாய்களைத் துடைத்து, வடிகட்டியையும் எண்ணெயையும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

இன்டேக்கில் ஏறும் எண்ணெய், செலவோடு நின்றுவிடுவதில்லை. ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். எஞ்சினில் தட்டல் ஓசை எழும். இக்காலத்தில், சிலிண்டருக்குள் நேரே பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில், இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. ஆகவே அங்கே கரி மேலும் கெட்டியாகப் படிகிறது. அத்தகைய வண்டிகளில் சிலர் வழியிடையே எண்ணெயைப் பிடிக்கும் சிறு கலம் ஒன்றைப் பொருத்துகின்றனர். பயனுள்ளதே, ஆனால் அது காற்றுப் புகாதிருத்தல் வேண்டும், தவறாமல் வடிக்கவும் வேண்டும். எண்ணெய் வருகிறதே என்று குழாயையே அடைத்துவிடுவது பெருந்தவறு. டீசல் வண்டியில் ஆபத்து இன்னும் பெரிது: இன்டேக்கில் மிகுதியாக ஏறிய எண்ணெயையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எஞ்சின் வெறிகொண்டு ஓடக்கூடும்.

ஆதலின் சங்கங்கள் செய்யவேண்டியவை சில. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் எண்ணெயைப் பாருங்கள். அது இரு கோடுகளுக்கு இடையே நிற்கட்டும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பி.சி.வி. வால்வையும் அதன் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியை வாரம் ஒரு முறையேனும் எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டச் செய்யுங்கள். ஊற்றிய எண்ணெயின் அளவையும் ஓடிய தூரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அவ்வாறு எழுதி வைத்ததில், அடுத்த மூன்று மாதங்களில் அக்காருக்கு ஒரு லிட்டர் எண்ணெயும் வாங்க நேரவில்லை. நிர்வாகக் குழுவினர் ஓட்டுநரைக் கூட்டத்திற்கு அழைத்து, தாங்கள் ஐயுற்றது தவறென்று கூறி, அதனைக் குறிப்பேட்டிலும் பதிந்தனர். கூட்டுறவில் ஒரு லிட்டர் எண்ணெய் வீணாவதும் நட்டமே. ஆனால் தக்க சோதனை செய்யாமல் ஓர் ஊழியரின் நாணயத்தை இழப்பது எந்த வரவாலும் ஈடுசெய்ய இயலாத நட்டம்.