எடைக்குப் போடுமுன் சற்றுப் பொறுங்கள்!



பிழைப்பைத் தேடி நகரத்திற்கு வந்த நம் குடும்பங்களில், பிள்ளைகளின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய கணினி, இன்று துணி போர்த்தியபடி மூலையில் கிடப்பதைக் காண்கிறோம். "இனி இது உதவாது, புதிது வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வதில் பாதியே உண்மை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாததும் வேண்டும். ஆகவே, பழுதாகாத பல கணினிகளும் தகுதியிழந்து நிற்கின்றன.

இவற்றிற்கு ஏற்ற மாற்று லினக்ஸ். 1991-இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தொடங்கியதை, உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். வீடுகளுக்கான பதிப்புகளில் பெரும்பாலானவை இலவசம். திருட்டுப் பிரதியை நிறுவினோம் என்ற குற்றமும் நம்மேல் வராது.

எதைத் தெரிந்தெடுப்பது?

முதலாவது, கணினியின் ரேம் எவ்வளவு, செயலி 64 பிட்டா என்று பாருங்கள். 64 பிட்டும் 4 ஜிபி ரேமும் இருந்தால், புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏற்றது. விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாய்த் தோன்றாது. 2 ஜிபியிலும் அது இயங்கும், ஆனால் திணறும். 32 பிட் கணினிகளுக்கு வழி குறுகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் அவற்றிற்கான நிறுவி இல்லை. ஆன்டிஎக்ஸ் போன்ற சிலவே மிஞ்சியுள்ளன.

நிறுவாமலே சோதியுங்கள்

மின்ட்டின் கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். கோப்பை அதில் நகலெடுத்தால் மட்டும் பயனில்லை; ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்னும் மென்பொருளால் எழுதவேண்டும். அப்பொழுது பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துபோகும், கவனம். பின்பு கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளில் உங்கள் கணினிக்குரியதை அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்யுங்கள்.

இப்பொழுது ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். சற்று மெதுவாக ஓடினாலும் கலங்கவேண்டாம். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் பென் டிரைவைக் கழற்றிவிடலாம்; பழையது அப்படியே இருக்கும்.

அந்த ஒரு பொத்தான்

நிறுவும்போது, "எரேஸ் டிஸ்க்" என்னும் தெரிவு திரையில் வரும். அதைத் தெரிந்தெடுத்து உறுதி செய்தால், ஹார்டு டிஸ்க்கிலுள்ள அனைத்தும் போய்விடும். மென்பொருளை மறுபடியும் நிறுவலாம். ஊரில் மறைந்த தகப்பனாரின் கடைசிப் புகைப்படத்தை எங்கே போய்த் தேடுவது? ஆகவே படங்கள், சான்றிதழ்கள், பிள்ளைகளின் பாடக்குறிப்புகள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். நகலெடுத்ததை இன்னொரு கணினியில் திறந்தும் பாருங்கள். அதன் பின்னரே அந்தப் பொத்தானில் கைவையுங்கள். மடிக்கணினியானால் சார்ஜர் இணைந்திருக்கட்டும்.

முன்பே அறிந்துகொள்ளுங்கள்

டாலி போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக இயங்கா. வீட்டில் கணக்கு வேலை பார்ப்பவர் இருந்தால், அவரைக் கேட்காமல் மாற்றவேண்டாம். கடிதம், கணக்குத்தாள் ஆகியவற்றிற்கு லிப்ரே ஆபீஸும், இணையத்திற்கு ஃபயர்ஃபாக்ஸும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பின்னும் வேகம் போதாதென்றால், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை, டெல்லி நேரு பிளேஸ் போன்ற சந்தைகளில் எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் பொருத்துங்கள்; வித்தியாசம் உடனே தெரியும்.

பிரியமானவர்களே, ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு இதைச் செய்யுங்கள். புதிய கணினிக்கென்று கடன் வாங்க எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை அதுவரை தள்ளிவையுங்கள். ஒருவேளை அந்தக் கடனே தேவைப்படாமல் போகலாம்.