புராசஸர் வாங்கும் முன் பயாஸைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அன்று முதல் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் புராசஸரை மாற்ற அவசரப்படுகிறார்கள். 2018-இல் பி450 போர்டோடு வந்த ரைசன் 3 2200ஜி, விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. எனவே ரைசன் 5 5600 வாங்கி வந்து மாட்டுகிறார்கள். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் வருவதில்லை. கடைக்குத் தூக்கிச் சென்றால், சோதித்துக்கூடப் பார்க்காமல் "போர்டு போயிடுச்சு சார்" என்கிறார்கள். புதிய ஏஎம்5 போர்டு, அதற்கென டிடிஆர்5 ராம் என்று செலவு எங்கோ போய்விடுகிறது.

பெரும்பாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதிலுள்ள தொடக்க மென்பொருளான பழைய பயாஸுக்குப் புதிய புராசஸரை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்னொரு காரணமும் உண்டு. 2200ஜி-யில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது; 5600-இல் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் 5600ஜி போல 'ஜி' உள்ள ரகத்தைத்தான் வாங்க வேண்டும். இதைக்கூடச் சொல்லாமல் விற்பது பொறுப்பற்ற செயல்.

சாக்கெட்டில் உட்கார்ந்தாலே வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். இன்டெல்லின் 6, 7-ஆம் தலைமுறைக்கும் 8, 9-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றே: எல்ஜிஏ 1151. ஆனால் 100, 200 வரிசை போர்டுகள் 8-ஆம் தலைமுறையை ஏற்பதில்லை. ஏஎம்டியின் ஏ320, பி350 போர்டுகளுக்கு ரைசன் 5000-க்கான அதிகாரப்பூர்வ ஆதரவு 2022-இல்தான் வந்தது. அதுவும் போர்டு நிறுவனம் அதற்கான பயாஸை வெளியிட்டிருந்தால் மட்டுமே.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை இவை. விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து, போர்டின் மாடலையும் பயாஸ் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்டின் மேல் 'ரெவ்' எண் அச்சிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்; ஒரே மாடலில் ரெவ் மாறினால் பயாஸும் மாறலாம். பிறகு போர்டு நிறுவனத்தின் தளத்தில் சிபியு ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு புராசஸருக்கும் தேவைப்படும் குறைந்தபட்ச பயாஸ் பதிப்பு அதில் இருக்கும். பட்டியலில் இல்லாத புராசஸரை வாங்கவே வாங்காதீர்கள்.

பழைய புராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். கழற்றிய பின் செய்ய, பயாஸ் ஃப்ளாஷ்பேக் வசதி வேண்டும். மலிவு போர்டுகள் பலவற்றில் அது கிடையாது. சில போர்டுகளில் முதலில் ஓர் இடைப்பட்ட பதிப்பை ஏற்ற வேண்டியிருக்கும். பதிவிறக்கப் பக்கத்தின் குறிப்பை முழுதாகப் படியுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டை முன்பே எழுதி வையுங்கள். கோப்பை எஃப்ஏடி32 பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றுங்கள். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் அப்போதுதான் போர்டு நிஜமாகவே போகும். ஏஎம்4-இல் கூலரை மெதுவாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் புராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் புராசஸரின் சீரியல் எண் இருக்கட்டும். கடைக்காரர் "உங்க போர்டுக்குப் பொருந்தும்" என்றால், போர்டு மாடலைக் குறிப்பிட்டு அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம். ஏஎம்டியின் 3 ஆண்டு வாரண்டி பெட்டியோடு விற்கும் புராசஸருக்கே. பெட்டியில்லாமல் விற்கும் 'ட்ரே' புராசஸருக்கு விற்றவர்தான் பொறுப்பு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற ரப்பர் ஸ்டாம்பைக் கண்டு பின்வாங்காதீர்கள். முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்திலேயே மனு தரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன்: முதலில் பட்டியல், அடுத்து பயாஸ், அதன் பிறகே புராசஸர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.