திக்கும் எஞ்சின் என்ன சொல்கிறது?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது பழைய பிக்கப் வண்டியைப் பற்றி. ஊழியர் சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, பல கை மாறி வந்த ஒரு பிக்கப்பை வாங்கி, காய்கறி ஏற்றியும் செம்பனைக் குலை ஏற்றியும் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வண்டி நின்றால் வருமானமும் நின்றுபோகும். ஆகவே அதன் எஞ்சின் திக்கத் தொடங்கும்போது, அது என்ன சொல்கிறது என்று கேட்டுப் புரிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

எந்த வண்டியைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுவோம். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள, பெட்ரோலில் ஓடும், நான்கு சிலிண்டர் வண்டி. 1968இல் முதன்முதலாக வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸின் பழைய பெட்ரோல் வண்டிகளும், 1972இல் வந்த டாட்சன் 620 வகையும் இப்படிப்பட்டவை. டீசல் எஞ்சினுக்கு நெருப்புப்பொறி தரும் பிளக் கிடையாது. கணினி கொண்டு இயங்கும் புதிய வண்டிகளுக்குச் சோதனை முறையே வேறு. ஆகவே அவை இரண்டையும் இன்று விட்டுவிடுவோம்.

எஞ்சின் எப்படி ஓடுகிறது? 1876இல் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ என்பவர் உருவாக்கிக் காட்டிய முறைதான் இன்றும் அடிப்படை. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைச் சிலிண்டர் உறிஞ்சுகிறது, அமுக்குகிறது, பிளக் பொறியால் அது எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, பிறகு புகை வெளியேறுகிறது. இந்த நான்கு வேலையும் முடிய எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்திற்கு 400 முறை எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் செத்துவிட்டால், ஒரு மணி நேரத்தில் 24,000 முறை உறிஞ்சிய பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. காசு வீணாவது மட்டுமா? எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவி, கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்கிறது. இன்று திக்கும் எஞ்சினை அப்படியே ஓட்டினால் நாளை தேய்ந்த எஞ்சினாகிவிடும்.

சிலிண்டரில் கலவை ஒழுங்காக எரிய மூன்று காரியங்கள் வேண்டும். நல்ல பொறி, சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், ஒழுக்கில்லாத அமுக்கம். எஞ்சின் திக்கினால் இம்மூன்றில் ஒன்று குறைகிறது என்று பொருள். எது என்று கண்டுபிடிக்கும் முன்னே கார்புரேட்டரை மாற்றுவதும், காயிலை மாற்றுவதும் இருட்டில் கல்லெறிவது போன்றது. பள்ளியில் பிள்ளையின் கணக்கு விடை தவறாக வந்தால், பக்கம் முழுவதையும் அழிக்கச் சொல்வதில்லை. எந்த வரியில் தவறு நுழைந்தது என்று பார்க்கச் சொல்கிறோம். வண்டிக்கும் அதே முறைதான். செலவில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் வேலை கடைசியில்.

முதல் சோதனைக்குக் காது போதும். எஞ்சின் எப்போது திக்குகிறது என்று கவனியுங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் திக்கி, சூடு ஏறியதும் சரியானால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயர்களிலும் ஈரம் இறங்கியிருக்கலாம். நின்ற இடத்தில் மட்டும் குலுங்கி, வேகம் கூட்டியதும் சீராகிவிட்டால், எங்கோ காற்று ஒழுகுகிறது, அல்லது கார்புரேட்டரில் மெதுவோட்டத்திற்கான சிறு துளை அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது மட்டும் திக்கினால், பொறி வலுவிழந்திருக்கலாம். பெட்ரோல் போதாமலும் இருக்கலாம். எல்லா வேகத்திலும் ஒரே தாளத்தில் ஓர் அடி விட்டுப்போனால், ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை.

எந்தச் சிலிண்டர் என்று அறிவது இரண்டாவது சோதனை. இதைச் செய்யும் முன் சில எச்சரிக்கைகள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்து, சக்கரத்திற்குக் கல் முட்டுக் கொடுங்கள். கைலி, துண்டு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் விசிறியின் பக்கம் போகக் கூடாது. பிளக் வயரில் பாய்வது பல ஆயிரம் வோல்ட் மின்சாரம்; எஞ்சின் ஓடும்போது அதைக் கையால் தொடவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்கள் இந்த வேலைக்கு அருகிலேயே வர வேண்டாம்.

இனிச் சோதனை. எஞ்சினை நிறுத்தி, முதல் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றுங்கள். அந்த வயரில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உலோக உடல் எஞ்சின் உலோகத்தை நன்றாகத் தொடும்படி கட்டுங்கள். கார்புரேட்டரிலிருந்து அது தள்ளி இருக்கட்டும். இப்போது எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். முன்பைவிட அதிகமாகக் குலுங்கினால், இதுவரை அந்தச் சிலிண்டர் வேலை செய்தது என்று பொருள். ஒரு மாற்றமும் தெரியாவிட்டால், அதுதான் செத்த சிலிண்டர். மறுபடியும் எஞ்சினை நிறுத்தி, வயரை அதன் இடத்தில் மாட்டி, அடுத்ததற்குப் போகலாம். நான்கிலும் ஒரே அளவு மாற்றம் தெரிந்தால், குறை ஒரு சிலிண்டரில் இல்லை. நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது.

ஒரு சிலிண்டர்தான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டதா? எஞ்சின் ஆறியபின் அதன் பிளக்கைக் கழற்றி, நன்றாக ஓடும் சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றிப் போடுங்கள். பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது முதலில் விரலால் திருகுங்கள். நேராகப் போகாத பிளக்கைச் சாவி கொண்டு முறுக்கினால் மரை கெட்டுவிடும். பிறகு முன்சொன்ன சோதனையை மறுபடி செய்யுங்கள். குறை பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால், பிளக்தான் காரணம். மாறாவிட்டால், வயரை இதேபோல் சோதிக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் முடி போன்ற விரிசலோ கருங்கோடோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருட்டிய பின் எஞ்சினை ஓடவிட்டு, எட்ட நின்று பார்த்தால், கெட்ட வயரில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். வயர்களின் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஜப்பானிய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் எரியும் வரிசை 1, 3, 4, 2.

கழற்றிய பிளக்கின் முனையும் ஒரு செய்தி சொல்லும். வெளிர் பழுப்பு நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே எண்ணெய் ஏறுகிறது. பெட்ரோலில் நனைந்து வந்தால் அங்கே பொறி விழவில்லை. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுமீறிய சூடு.

குறை நான்குக்கும் பொது என்று தெரிந்தால், வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் உள்ள வண்டியில் அதன் இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அது தேய்ந்தாலும் கருகினாலும் நான்கு சிலிண்டர்களுக்கும் பொறி குறையும். அடுத்தது காற்று ஒழுக்கு. கார்புரேட்டருக்குக் கீழே உள்ள இணைப்புகளிலும், வெடித்துப்போன ரப்பர்க் குழாய்களிலும் 'உஸ்' என்ற ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகமுள்ள இணைப்பின்மேல் சிறிது தண்ணீர் தெளித்ததும் எஞ்சின் ஓட்டம் மாறினால், ஒழுக்கு அங்கேதான். பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எஞ்சினில் அது தீயை அழைப்பதாகும். பிரேக்கிற்கு உதவும் பூஸ்டரும் எஞ்சினிலிருந்து செல்லும் ஒரு குழாயை நம்பியே வேலை செய்கிறது. எஞ்சினும் குலுங்கி, பிரேக் மிதியும் கல்போல் கடினமானால், அந்தக் குழாயை உடனே பார்க்க வேண்டும். சரியாகும் வரை வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது.

பொறியும் நன்று, கலவையும் நன்று, ஆயினும் ஒரு சிலிண்டர் எழவில்லை என்றால், எஞ்சியிருப்பது அமுக்கம். இதைக் கம்ப்ரஷன் மீட்டர் வைத்திருக்கும் பட்டறையில் அளந்து பார்க்கலாம். மிகக் குறைந்த சிலிண்டரின் அளவு, மிக உயர்ந்ததில் 75 விழுக்காட்டிற்குக் கீழே போகக் கூடாது என்பது பொது விதி. குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ குறை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையில் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். எஞ்சினைப் பிரிக்கும் பெரிய செலவுக்குச் சம்மதிக்க வேண்டிய இடம் இதுதான். இதற்கு முன் அல்ல.

இன்னும் ஒன்று. இந்தச் சோதனைகள் எதையும் மூடிய கொட்டகைக்குள் செய்யாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமுமாக அது ஆளையே கொல்லும். மழை வந்தால் வேலையை நிறுத்துங்கள். வண்டியை உள்ளே கொண்டுபோய் ஓடவிடாதீர்கள்.

பட்டறைக்கே போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் ஊரில் போமன் என்று அழைக்கும் மெக்கானிக்கின் கைத்திறனுக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் "வண்டி சரியில்லை, பாருங்கள்" என்று மட்டும் சொல்வதற்கும், "மூன்றாம் சிலிண்டர் எழவில்லை, பிளக்கையும் வயரையும் மாற்றிப் பார்த்தோம், குறை அங்கேயே இருக்கிறது" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. முதலில் சொன்னவர் பணப்பையைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். இரண்டாவதாகச் சொன்னவர் போமனின் நேரத்தையும் தம் காசையும் மிச்சப்படுத்துகிறார். ஒரு பொருளை மாற்றினால், கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். தேதி, திக்கிய நேரம், செய்த சோதனை, கண்ட முடிவு. மகனாயினும் மகளாயினும் எழுதட்டும். ஒரு மாற்றம், ஒரு சோதனை, ஒரு வரி. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். இப்படி ஒரு மாதம் எழுதிய பிள்ளைக்கு எஞ்சினும் புரியும், காரணம் தேடும் பழக்கமும் கைவரும். அந்தப் பழக்கம் வண்டி பழையதாகிப் போன பின்பும் உடன் நிற்கும்.